கண்ணாடி மேல் குற்றமில்லை

பரணிலிருந்து அப்பாவின் கேமரா இறங்குகிற காலம் இது.

இருபத்தைந்து வருஷமாகப் பித்தளை அண்டாவுக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே தூங்கிக்கொண்டிருந்த அந்தக் கறுப்புத் தோல் பையை வீட்டுப் பிள்ளை இறக்குகிறான். வயசு இருபத்தாறு. பாங்க்கிலோ ஐ.டி.யிலோ உத்தியோகம். செல்ஃபோனில் தினம் நூறு படம் எடுத்து அலுத்துவிட்டது. 'ஃபிலிம்ல எடுத்தா அது தனி' என்று ஆபீஸில் எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். பையைத் திறந்ததும் குப்பென்று பாச்சா உருண்டை வாசனை. உள்ளே கனமாக ஒரு எஸ்.எல்.ஆர். ஆசையாகக் கண்ணில் வைத்துப் பார்க்கிறான்.

கும்மிருட்டு.

உடனே கூடத்தில் பட்டிமன்றம். "அப்பவே சொன்னேன், பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடலாம்னு" என்பது அம்மா. "லென்ஸ் அவுட்டுப்பா" என்பது மாமா. "உள்ள கண்ணாடி ஒடைஞ்சிருக்கும்" என்பது பக்கத்து வீட்டுக்காரர். (அவர் பேப்பர் வாங்க வந்தவர்.) அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் கேமராவை வாங்கிப் பக்கவாட்டில் பொளேரென்று ஒரு தட்டு தட்டுவார். டிரான்ஸிஸ்டர் ரேடியோ காலத்துப் பழக்கம்.

தட்டாதீர்கள் சார். பெரும்பாலும் கேமரா சாகவில்லை. உள்ளே மிரர் மேலே ஏறி நிற்கிறது, அவ்வளவுதான். ஏன் ஏறி நிற்கிறது, யார் சொல்லி நிற்கிறது, எப்படி இறக்குவது என்பதுதான் இந்த வாரச் சமாசாரம். கேமராவே இல்லாதவர்களும் படிக்கலாம். ஆபீஸ் போகிற எவருக்கும் புரியும்.

* * *

மிரர் எதற்கு என்பதற்கு நம்ம ஊரிலேயே கதை இருக்கிறது.

1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற கேப்டன் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு வந்தார். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர். விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நெகட்டிவ் எல்லாம் பேப்பர். அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவின் முதுகில் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும். லென்ஸ் காட்டுகிற காட்சி அதில் தலைகீழாக விழும். தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, சோழன் கல்வெட்டைத் தலைகீழாகப் பார்த்து ஃபோகஸ் செய்து, பிறகு அதே இடத்தில் நெகட்டிவைப் பொருத்தவேண்டும். பொருத்திவிட்டால் அப்புறம் ஒன்றும் தெரியாது. பார்க்கும்போது எடுக்க முடியாது, எடுக்கும்போது பார்க்க முடியாது. இதெல்லாம் தஞ்சாவூர் வெயிலில், கறுப்புத் துணிக்குள்ளே.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக 1861-ல் தாமஸ் சட்டன் என்ற இங்கிலீஷ்காரர் ஒரு யோசனைக்குப் பேட்டன்ட் வாங்கினார். லென்ஸுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடியை வை. வெளிச்சம் அதில் பட்டு மேலே போய் ஒரு திரையில் விழும். பார்த்துக்கொள். எடுக்கும்போது கண்ணாடியைத் தூக்கிவிடு. இதில் காட்சி நிமிர்ந்துவிடும், ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். மேலே பென்டாப்ரிஸம் என்ற பட்டகத்தை வைத்ததும் அதுவும் நேராயிற்று. 1936-ல் கினே எக்ஸாக்டா, 1949-ல் பென்டாப்ரிஸத்தோடு கான்டாக்ஸ் எஸ் என்று ஜெர்மனியிலிருந்து வரிசையாக வந்தன.

ஒரே ஒரு குறை பாக்கி. படம் எடுக்க மேலே போன மிரர், அடுத்த ஃபிலிமைச் சுற்றும் வரை கீழே வராது. 1954-ல் ஜப்பானின் அசாஹிஃப்ளெக்ஸ் டூ-பி அதையும் தீர்த்தது. மிரர் ஏறும், படம் விழும், மிரர் தானே இறங்கும். தஞ்சாவூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலையாட்டி பொம்மை! சாய்த்தால் சாயும், விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். பொம்மைக்கு அடியில் கனம், கேமராவுக்கு உள்ளே ஸ்பிரிங்.

* * *

இப்போது உங்கள் ஆபீஸுக்கு வாருங்கள்.

மானேஜர் ரூம் வாசலில் ஒரு அட்டெண்டர் உட்கார்ந்திருக்கிறார். யார் வந்தாலும் "மாடிக்குப் போங்க சார்" என்று மேலே அனுப்பிவிடுவார். மானேஜர்தான் ஃபிலிம். மாடி என்பது நீங்கள் கண் வைத்துப் பார்க்கிற வியூ ஃபைண்டர். வருகிற வெளிச்சத்தையெல்லாம் மாடிக்கு அனுப்புகிற அட்டெண்டர்தான் மிரர்.

நீங்கள் பட்டனை அழுத்துகிறீர்கள். அட்டெண்டர் எழுந்து விலகுகிறார். ஷட்டரின் முதல் திரை திறக்கிறது. வெளிச்சம் உள்ளே போய் மானேஜரைப் பார்க்கிறது. செகண்டில் அறுபதில் ஒரு பங்கோ, ஐந்நூறில் ஒரு பங்கோ. இரண்டாம் திரை மூடுகிறது. மூடிய சத்தம் கேட்ட பிறகுதான் அட்டெண்டர் திரும்பிவந்து உட்காருவார். அதற்குள் வந்து உட்கார்ந்தால் உள்ளே போகிறவர்கள் தடுக்கி விழுவார்கள்.

இந்த வரிசைதான் விஷயம் அத்தனையும். மிரர் ஏறும், முதல் திரை திறக்கும், இரண்டாம் திரை மூடும், மூடியது தெரிந்தபின் மிரர் இறங்கும். ஆகவே அட்டெண்டர் நாற்காலியில் இல்லை என்றால் அவர் மேல் மெமோ போடுவதற்கு முன், உள்ளே கதவு மூடியதா என்று பாருங்கள். மிரர் கோளாறு என்று வருகிற கேமராக்களில் மிரரே தப்பு செய்திருப்பது அபூர்வம். தப்பு பின்னால் இருக்கும், பக்கத்தில் இருக்கும், பாட்டரிப் பெட்டியில் இருக்கும். வெளியே தெரிவது மட்டும் மிரர். ஆபீஸிலும் அப்படித்தானே?

இன்னொரு விஷயம். படம் விழுகிற நேரத்தில் மிரர் வழியிலேயே இல்லை. அதனால் மிரரில் இருக்கும் தூசி, கீறல், புள்ளி எதுவும் படத்தில் வராது. வரவே வராது. "மிரர்ல புள்ளி புள்ளியா இருக்கு, படமெல்லாம் கெட்டுடும், மாத்தணும்" என்று யாராவது பில் எழுத ஆரம்பித்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அதற்காகத் துடைக்கவும் கிளம்பாதீர்கள். வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கும், முன்னால் கண்ணாடி காவல். கேமரா மிரரில் பளபளப்புப் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. காற்றும் தூசியும் நேராக அதன் மேல். வேட்டி நுனியை எச்சில் தொட்டு ஒரு தேய் தேய்த்தால் பூச்சு கையோடு வரும். ரப்பர் பல்பு ஊதுகுழலால் உஸ் உஸ்ஸென்று ஊதினால் போதும். வாயால் ஊதினால் வெற்றிலைச் சாறு தெறிக்கும். நம்ம ஜில்லாவில் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

* * *

சரி, மிரர் மேலே மாட்டிக்கொண்டது. என்ன செய்வது? முதல் வேலைக்கும் மிரருக்கும் சம்பந்தமில்லை.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. ஒரு பாங்க்கில் கிளார்க். அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. போன தை மாசம் பரணிலிருந்து அப்பாவின் பெண்டாக்ஸ் கே1000 இறங்கியது. (1976 முதல் 1997 வரை தயாரான கேமரா. அந்தக் காலத்து போட்டோகிராஃபி மாணவர்களுக்கு அரிச்சுவடி.) கண்ணில் வைத்தால் இருட்டு. லீவரும் நகரவில்லை. "உள்ள என்னதான் ஆச்சுன்னு பாத்துடலாம் சார்" என்று பின் கதவைத் திறக்கப் போனார்.

"கையை எடுங்க தம்பி. மேல கவுண்டர்ல என்ன நம்பர் காட்டுது?"

"பத்தொம்பது சார்."

"கதவைத் திறந்தா அது ஆரம்பத்துக்குப் போயிடும். பத்தொம்பதுல நிக்குதுன்னா கடைசியா யாரும் திறக்கலைன்னு அர்த்தம். உள்ள ஃபிலிம் இருக்கு."

தம்பி கேமராவைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டார்.

இடது பக்கம் மேலே இருக்கும் மடக்குக் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கமாக மெள்ளத் திருப்பிப் பார்த்தோம். லொடலொடவென்று சுற்றினால் உள்ளே ஒன்றுமில்லை. இறுகி நின்றால் ஃபிலிம் இருக்கிறது. இறுகி நின்றது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் கேமரா மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இப்போது கைவசம் வேலை கம்மி, பேச நேரம் அதிகம். அவரிடம் போனோம்.

"மிரர் எங்கயும் ஓடிப்போவாது தம்பி. ஃபிலிம்தான் போயிடும். மொதல்ல அது" என்றார். லென்ஸுக்கு மூடி போட்டார். ஷட்டர் பாதி திறந்து நின்றிருந்தால் லென்ஸைக் கழற்றியதுமே வெளிச்சம் ஃபிலிமில் விழுந்துவிடும். அதனால் லென்ஸைத் தொடவில்லை. கேமராவின் அடியில் இருக்கும் சின்னப் பட்டனை அழுத்திக்கொண்டு ஃபிலிமைச் சுற்றிச் சுற்றி டப்பாவுக்குள் அனுப்பினார். பிடி தளர்ந்து லேசாகச் சுற்றும் வரை பொறுத்திருந்து, பிறகுதான் கதவைத் திறந்தார்.

ரோல் சென்னைக்குப் போய்க் கழுவி வந்தது. கலர் ஃபிலிம். அத்தனை வருஷச் சூட்டில் வண்ணமெல்லாம் ஊதா பூத்து, மணல் மணலாக இருந்தது. பத்தொன்பதில் பதினொன்று தேறியது. கல்லணையில் அம்மா, மூன்று சக்கர சைக்கிளில் நாலு வயசுத் தம்பி, பெரிய கோயில் நந்தி, சொந்தக்காரர் யார் வீட்டுப் பந்தலோ. அப்பா ஒன்றிலும் இல்லை. அவர்தானே எடுத்தார்?

பதினெட்டோ பத்தொன்பதோ எடுத்துக்கொண்டிருந்தபோது கேமரா இருண்டிருக்கிறது. 'போச்சு' என்று தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். எந்தக் கோளாறால் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் உங்களுக்கு முதல் பாடம்: மிரர் மாட்டிக்கொண்டால் முதலில் ஃபிலிம்.

* * *

ஃபிலிம் பத்திரம் என்றால், இனி இந்த வரிசையில் பாருங்கள். சுலபமானது முதலில்.

ஒன்று. உங்கள் கேமராவின் சுபாவமே அதுதானா? எக்ஸாக்டா, பழைய ப்ராக்டிகாக்கள், ரஷ்யாவின் ஜெனித் 3எம் போன்றவற்றில் மிரர் தானாக இறங்காது. லீவரைச் சுற்றினால்தான் இறங்கும். ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருந்த ஹாஸல்பிளாட் 500 வகையும் அப்படியே. இது கோளாறில்லை, வயசு. நிக்கான் எஃப், எஃப்-2 போன்றவற்றில் மிரரை வேண்டுமென்றே மேலே நிறுத்திவைக்க ஒரு திருகு உண்டு. முன்னால் வைத்திருந்தவர் அதைப் போட்டுவிட்டு மறந்திருப்பார். திருப்பிவிட்டால் தீர்ந்தது.

இரண்டு. பாட்டரி. சில கேமராக்களில் ஷட்டரை மூடச் சொல்வதே மின்சாரம்தான். பாட்டரி செத்திருந்தால் மிரர் ஏறும், அப்புறம் உத்தரவு வராமல் அப்படியே நிற்கும். நிக்கான் எஃப்.இ. இப்படிப்பட்டது. ஸ்பீடு சக்கரத்தை எம்90 என்ற இடத்துக்குத் திருப்பினால் மிரர் இறங்கிவிடும். அது பாட்டரி இல்லாமல் ஓடும் ஸ்பீடு. எஃப்.இ.2-ல் அதே இடம் எம்250. பெண்டாக்ஸ் எம்.இ. சூப்பரில் 125எக்ஸ். இந்த மூன்றுக்கும் எல்.ஆர்.44 பட்டன் பாட்டரி இரண்டு போதும். வாட்ச் கடையில் கிடைக்கும். இருபது ரூபாய் சமாசாரத்துக்குக் கேமராவைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள், ஜாக்கிரதை. கெனான் ஏஇ-1 வேறு ஜாதி: பாட்டரி இல்லையென்றால் பட்டனை அழுத்தினாலும் ஷட்டர் ஓடாது, மிரரும் அசையாது. கே1000, நிக்கான் எஃப்.எம்.2, யாஷிகா எஃப்.எக்ஸ்.3, ஜெனித் எல்லாம் சுத்த இயந்திரம். பாட்டரி இருந்தால் வெளிச்சம் அளக்கும். (ஜெனித்-இ-க்கு அதற்கும் பாட்டரி வேண்டாம்.) ஷட்டருக்கும் மிரருக்கும் பாட்டரி தேவையில்லை. எனவே இவற்றில் மிரர் நின்றால் பாட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

மூன்று. பஞ்சு. மிரர் வேகமாக ஏறி எங்கே போய் இடிக்கும்? அதற்கு மெத்தையாக மேலே ஒரு கறுப்புப் பஞ்சுப் பட்டை ஒட்டியிருப்பார்கள். பாலியூரித்தேன் ஃபோம். மெத்தையும் அதுதான், மேலிருந்து திருட்டு வெளிச்சம் நுழையாமல் அடைப்பதும் அதுதான். ஈரமும் சூடும் சேர்ந்தால் இது கரையும். காவேரிக் கரையில் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கும் சித்திரை வெயிலுக்கும் கேட்கவே வேண்டாம். கொஞ்ச வருஷத்தில் ரோட்டுத் தார் மாதிரி ஆகிவிடும். மிரர் போய் முட்டும், ஒட்டிக்கொள்ளும், வராது.

அந்தத் தம்பியின் கேமராவில் நடந்தது இதுதான். மெக்கானிக் அண்ணன் ஒரு பல்குத்தும் குச்சியால் மிரரின் விளிம்பை மட்டும் தொட்டு மெதுவாக நெம்பினார். அரிசி அப்பளம் பாயிலிருந்து பிரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தத்தோடு இறங்கியது. கால் விரல் அகலப் பஞ்சு. அதற்காக இருபத்தைந்து வருஷம் பரண்.

பஞ்சை மாற்றுவதைப் பொறுமைசாலிகள் வீட்டிலேயே செய்யலாம். பழைய பசையைக் குச்சியால் சுரண்டி, காதுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கவேண்டும். தொட்டு, ஊற்றி அல்ல. பக்கத்திலேயே இருக்கும் ஃபோகஸிங் ஸ்கிரீன் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதில் ஒரு சொட்டு பட்டாலும் மேகம் படர்ந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் மார்கழிக் காலைதான் தெரியும். புதுப் பஞ்சு பழையதின் தடிமனே இருக்கட்டும். 'இன்னும் கொஞ்சம் மெத்தையா இருக்கட்டுமே' என்று தடியாக ஒட்டினால் மிரர் முழுசாக ஏறாது. படத்தின் ஓரம் வெட்டுப்படும்.

நான்கு. திரை. மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால், ஃபிலிம் இல்லாத கேமராவின் பின் கதவைத் திறந்து பாருங்கள். திரை முழுக்க மூடியிருக்கிறதா, இல்லை ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிகிறதா? கீற்று தெரிந்தால் இரண்டாம் திரை கடைசி வரை ஓடவில்லை. அது ஓடி முடித்து ஒரு கொக்கியைத் தட்டினால்தான் மிரருக்கு விடுதலை. பல வருஷம் சும்மா கிடந்ததில் உள்ளே இருந்த எண்ணெய் காய்ந்து மெழுகாகியிருக்கும். கதவு சாத்தவில்லை, அட்டெண்டர் வரவில்லை. முப்பது நாற்பது தடவை வெறும் கிளிக் அடித்தால் சில சமயம் இளகும். அது வைத்தியமில்லை, ஒத்தடம். பிரித்துச் சுத்தம் செய்து, ஊசி முனையளவு எண்ணெய் வைக்க மெக்கானிக்தான் வேண்டும். தகட்டு ஷட்டரில் விரல் வைக்கவே கூடாது. கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே, தையல் மெஷின் எண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள். மிரர் பெட்டிக்குள் எண்ணெய் போனால் அது திரைக்கும் லென்ஸுக்கும் தெரியாமல் இருக்காது.

ஐந்து. லென்ஸ். வேறு கேமராவின் லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டியிருக்கிறீர்களா? சில லென்ஸின் பின்பக்கம் அதிகம் நீண்டிருக்கும். மிரர் ஏறும்போதோ இறங்கும்போதோ அதில் தட்டி நிற்கும். ஃபிலிமை வெளியே எடுத்துவிட்டு, லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். உடனே இறங்கினால் விஷயம் புரிந்தது.

எந்த நிலையிலும் லீவரைப் பலம் கொண்ட மட்டும் இழுக்காதீர்கள். அது மாட்டு வண்டிச் சக்கரமில்லை. உள்ளே ஒரு பல் உடைந்தால் அந்தப் பல்லுக்கு இப்போது உதிரி கிடையாது. இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் பிடுங்கவேண்டும்.

* * *

மாட்டிக்கொள்ளாத மிரருக்கும் வியாதி உண்டு. இரண்டைச் சொல்கிறேன்.

கெனான் ஏஇ-1, ஏ-1 வைத்திருப்பவர்களுக்கு: கிளிக் செய்யும்போது 'கிறீச்' என்று எலி கத்துகிற மாதிரி சத்தம் வருகிறதா? உலகம் பூராவும் இதற்கு 'கெனான் இருமல்' என்று பேர். மிரரின் வேகத்தை அடக்குகிற குட்டிப் பல்சக்கரங்களில் எண்ணெய் வற்றியிருக்கிறது. இருமலோடும் படம் வரும். ஆனால் நாளாக ஆக மிரர் மந்தமாகும். இடம் தெரிந்த மெக்கானிக் ஊசியால் ஒரு துளி வைத்தால் இருமல் நிற்கும். மிளகுக் கஷாயம் வேண்டாம்.

மந்தமான மிரர் என்ன செய்யும்? திரை திறந்தபிறகும் அது வழியில் பாதி நிற்கும். படத்தின் நீளப் பக்க ஓரத்தில், விளிம்பு மங்கலாக, இருட்டுப் பட்டை விழும். துணித்திரை பக்கவாட்டில் ஓடுகிற கே1000 மாதிரி கேமராவில் பட்டை செங்குத்தாக, குட்டைப் பக்கத்தில் விழுந்தால் அது திரையின் வேலை, மிரருடையதில்லை. மெக்கானிக்கிடம் போகும்போது அந்த நெகட்டிவையும் எடுத்துப் போங்கள். நூறு வார்த்தைக்குப் பதில் சொல்லும்.

அடுத்தது ஃபோகஸ். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிறது, படத்தில் மங்கலாக வருகிறது. 'என் கை ஆடுது போல' என்று பலர் தன்னையே நொந்துகொள்கிறார்கள். லென்ஸிலிருந்து மிரர் வழியாக மேல் திரைக்குப் போகும் தூரமும், லென்ஸிலிருந்து நேரே ஃபிலிமுக்குப் போகும் தூரமும் சமமாக இருக்கவேண்டும். மிரர் 45 டிகிரியில் சரியாகப் படுத்திருந்தால் சமம். யாரோ விரலால் அழுத்தினார்கள், துடைத்தார்கள், கீழே போட்டார்கள் என்றால் கணக்கு தப்பும்.

சோதிக்க மெஷின் வேண்டாம், பெரிய கோயில் போதும். ராஜராஜன் 1010-ல் முடித்த விமானம் இதற்காகவே நிற்பது போல நிற்கிறது. அது தெரிகிற தூரத்து மொட்டை மாடி ஒன்றில் ஏறுங்கள். ஃபிலிம் இல்லாமல் பின் கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இரண்டு தண்டவாளத்தின் மேல் டிரேஸிங் பேப்பரை இழுத்து ஒட்டுங்கள். லென்ஸை முழுசாகத் திறந்து, ஸ்பீடை 'பி'-யில் வைத்து, பட்டனை அழுத்திப் பிடியுங்கள். தலைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பாருங்கள். தலைகீழ் கலசம் தெரியும். (ஆமாம், ட்ரைப் பார்த்த மாதிரியேதான்.) அது கூர்மையாகும் வரை லென்ஸைத் திருப்புங்கள். இப்போது பட்டனை விட்டு, லென்ஸைத் தொடாமல் வியூ ஃபைண்டரில் பாருங்கள். அங்கேயும் கலசம் கூர்மையாக இருந்தால் மிரர் சுத்தம். பேப்பரில் கூர்மை, ஃபைண்டரில் மங்கல் என்றால் மிரரோ ஸ்கிரீனோ இடம் மாறியிருக்கிறது. மிரர் படுத்திருக்கும் முட்டுத் திருகை மயிரிழை அளவு திருப்பினால் சரியாகும். அதைத் திருப்பத் தெரிந்தவர் திருப்பட்டும்.

* * *

இறக்கிய கேமராவை மறுபடி தோல் பையில் போட்டுப் பரணுக்கு அனுப்பாதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும், லென்ஸில் காளான் பூக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். 'செல்ஃபோன் தண்ணில விழுந்தா அரிசியில போடறோமே' என்று கேமராவை அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். நெல் விளைகிற ஊரில் இந்த யோசனை யாருக்கும் வரும். அரிசி மாவுத் தூசு பல்சக்கரத்தில் போய் இட்லி சுட்டுவிடும். மாசம் ஒரு தடவை எடுத்து எல்லா ஸ்பீடிலும் இரண்டு கிளிக். வைக்கும்போது லீவரைச் சுற்றாமல் வையுங்கள், ஸ்பிரிங்கும் ரெஸ்ட் எடுக்கும்.

உலகம் இப்போது அட்டெண்டரையே வேலையை விட்டு எடுத்துவிட்டது. 2018-ல் நிக்கானும் கெனானும் பெரிய மிரர்லெஸ் கேமராக்களோடு இறங்கின. அதே வருஷம் கெனான் தன் கடைசி ஃபிலிம் எஸ்.எல்.ஆர். விற்பனையை நிறுத்தியது. 2020-ல் நிக்கானும் நிறுத்தியது. எனவே உங்கள் வீட்டில் இருப்பதுக்கு மாற்று ஃபேக்டரியிலிருந்து வராது. அதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கும் மாற்று வருகிற மாதிரி தெரியவில்லை. மாடியில் உட்கார்ந்திருக்கும் அந்த அண்ணனின் பையன் பெங்களூரில் சாஃப்ட்வேர் பார்க்கிறான்.

போகிறவர்கள் சீக்கிரம் போங்கள். போய், "அண்ணே, மிரர் போச்சு" என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். "இருட்டா இருக்கு, லீவர் நகரல, கவுண்டர் பத்தொம்பதுல நிக்குது" என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்தத் தம்பி கொடுத்தார். கூடவே, கல்லணைப் படத்தில் ஒரு பிரதியும்.